பொதியும் வழியும்: திருச்சிராப்பள்ளி, திருவரங்க வணிக வரலாற்றில் ஒரு நோக்கு

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்குவோர்க்கு முதலில் தென்படுவது நீர். அருகே காவிரி, அப்பால் கொள்ளிடம், இரண்டிற்கும் இடையே திருவரங்கத் தீவு. தெற்கே திரும்பினால் மதுரைக்கும் புதுக்கோட்டைக்கும் செல்லும் சாலைகள். கிழக்கே தஞ்சைச் சாலை. மேற்கே ஆற்றை ஒட்டிச் செல்லும் கரூர்ச் சாலை. ஒரே பார்வையில் இத்தனை வழிகளைக் காட்டும் குன்று தமிழகத்தில் அரிது. அக்குன்றின் மேற்பகுதியில் நம் அறவோர் தங்கிய கற்படுக்கைகள் இன்றும் உள. அவற்றருகே வெட்டப்பெற்ற பழைய பெயர்களுள் ‘சிரா’ என்பதும் ஒன்று. ஊர்ப்பெயரை அத்துறவியின் பள்ளியோடு இணைத்துக் காணும் ஆய்வாளர் உளர்.

எல்லாம் துறந்தோர் வணிகர் நடமாடும் வழிகளின் அருகே தங்கியது ஏன் என்னும் வினா இளமையில் பலர்க்கு எழுவதுண்டு. விடை எளியது. துறவியர்க்கு உணவளிப்போர் இல்லறத்தார். அவருள் பெரும்பகுதியினர் உழவரும் வணிகரும் ஆவர். கரூரை அடுத்த புகழூர் மலையில் கற்படுக்கை அமைத்துக் கொடுத்தவருள் கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவன் உளன். மதுரைக்கு அருகே அழகர்மலைத் தமிழிக் கல்வெட்டுகளில் உப்பு வணிகன், கொழு வணிகன், பாணிதம் எனப்பெற்ற வெல்லப்பாகு விற்றவன் ஆகியோர் கொடையாளராக நிற்கின்றனர். உப்பும் இரும்பும் வெல்லமும் எந்த வழியில் சென்றனவோ, அந்த வழியிலேயே அறவுரையும் சென்றது.

ஆதலின் பொருள்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லும் முறை, அதாவது இக்காலத்தார் ‘வழங்கல் தொடர்’ என்றும் ‘சரக்கு மேலாண்மை’ என்றும் கூறுவது, நமக்கு அயலான செய்தி அன்று. நம் இல்லங்களில் அரிசி மண்டியும் துணிக்கடையும் பாத்திரக்கடையும் நடத்தி வந்தோர் பலர். இன்று அவர்தம் மக்கள் அதே தொழிலைக் கணினியின் துணையோடு நடத்த முனைகின்றனர். விரைவு, சிக்கனம், மிகுந்த கொள்ளளவு ஆகியவை அவர்கள் நாடும் இலக்குகள். அவ்விலக்குகளை இவ்வூர் ஈராயிரம் ஆண்டுகளாக எவ்வாறு தேடி வந்தது, எதைப் பெற்றது, எதை இழந்தது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காப்பியம் காட்டும் பாதை

இப்பகுதியின் பழைய வழியைத் தெளிவுறக் காட்டும் நூல் சிலப்பதிகாரம். புகார் நகரத்து வணிகன் கோவலன் கண்ணகியோடு காவிரியின் வடகரை வழியே மேற்கு நோக்கி நடக்கிறான். துணையாக வருபவர் கவுந்தியடிகள். சோலை வழியே சென்றால் கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த மலர்கள் மூடியிருக்கும். வயல் வழியே சென்றால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும் என்று அவர் எச்சரிக்கிறார். வழியின் இடர் நடப்பவர்க்கு மட்டும் உரியதன்று, வழியில் வாழும் உயிர்க்கும் உரியது என்னும் நோக்கு அந்த எச்சரிக்கையில் உளது. நாளொன்றுக்கு ஒரு காவதத்திற்கு மேல் அவர்கள் நடக்கவில்லை.

அரங்கத்துச் சோலையில் சாரணர் அறவுரை கேட்டு, ஓடத்தில் காவிரியைக் கடந்து தென்கரை எய்தி, பின்னர் உறையூர் அடைகின்றனர். அங்கே அருகன் கோட்டத்தை வணங்குகின்றனர். அதன்பின் எதிர்ப்படும் மாங்காட்டு மறையவன் மதுரைக்குச் செல்லும் வழியை விரித்துரைக்கிறான். கொடும்பையின் பெருங்குளத்தை அடைந்தால் பாதை மூன்றாகப் பிரியும். வலப்பக்க வழி சிறுமலை வழியாகவும், இடப்பக்க வழி திருமால்குன்றத்தின் வழியாகவும் செல்லும். இடைவழியே செவ்விது, எனினும் அங்கும் ஓர் இடர் உண்டு என்கிறான். மூன்று வழிகளின் நலமும் தீங்கும் ஒருசேர எடுத்துரைக்கப்பெறும் அப்பகுதி கற்பனை நயம் செறிந்தது. ஆயினும் அதன் அடிப்படை வழிப்போக்கர் அறிவே. எந்த வழியில் நீர் கிடைக்கும், எது சுற்று, எது அச்சம் தருவது என்பதை முன்னரே அறிந்து புறப்படுதல் வணிகச் சாத்தர்களின் முதற்பாடமாக இருந்தது.

அந்தத் திருமால்குன்றமே இன்றைய அழகர்மலை. உப்பு வணிகனும் கொழு வணிகனும் கற்படுக்கை அமைத்த குன்றும் அதுவே. காப்பியமும் கல்வெட்டும் ஒரே பாதையில் சந்திக்கும் இடம் அது.

உறையூர்த் துகிலும் உமணர் வண்டியும்

உறையூர் சோழர் தலைநகர் மட்டுமன்று, நெசவு நகரமும் ஆகும். கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற ‘எரித்திரியக் கடற்பயண விவரம்’ என்னும் முதல் நூற்றாண்டு நூல், உள்நாட்டு நகரமான ‘அர்காரு’வின் பெயரால் வழங்கிய மெல்லிய துணிகள் ஏற்றுமதியானதைக் குறிக்கிறது. அர்காரு உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. தறியிலிருந்து கப்பல் வரை அத்துணி ஆற்றையும் சாலையையும் துறையையும் கடந்தாக வேண்டும். இடையே மழையில் நனையாமலும் திருடர் கைப்படாமலும் சுங்கச் சாவடியில் தேங்காமலும் செல்ல வேண்டும்.

பட்டினப்பாலை, புகார்த் துறையில் பொருள்களுக்குப் புலி முத்திரை இடப்பெற்றதையும், வணிகர் கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இன்றி நடந்ததையும் பாராட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப்பொதி சுமந்து செல்லும் கழுதைகளும், சுங்கம் கொள்ளும் பெருவழிகளைக் காத்து நிற்கும் வில்வீரரும் வருகின்றனர். இவற்றினும் நுட்பமான செய்தி ஒன்று புறநானூற்றில் உளது. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், அவனை உமணரின் உப்பு வண்டியில் கட்டப்பெற்ற ‘சேம அச்சு’க்கு ஒப்பிடுகிறார். மேட்டிலும் பள்ளத்திலும் செல்லும் வண்டியின் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்றே இன்னொரு அச்சை வண்டியின் அடியில் கட்டிச் சென்றனர் உமணர்.

அச்சு கனமானது. அதைக் கட்டிச் செல்வதால் அந்த எடைக்கு உப்பு ஏற்ற முடியாது. எனினும் வழியில் நின்றுபோன வண்டியின் இழப்பு அதனினும் பெரிது என்பதை அவர்கள் கணக்கிட்டு உணர்ந்திருந்தனர். இன்று பெரும் நிறுவனங்கள் ‘மாற்று ஏற்பாடு’ என்று திட்டக் குறிப்பில் எழுதுவதை உமணர் வண்டியின் அடியில் கயிற்றால் கட்டி வைத்திருந்தனர்.

கொடும்பாளூர் வணிகர்

காப்பியத்தில் கொடும்பை என வந்த ஊர், பிற்காலத்தில் கொடும்பாளூர் எனப் பெயர் பெற்றது. திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் சாலையில் விராலிமலையை அடுத்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இருக்குவேளிர் தலைநகராய் விளங்கிய அவ்வூரில் ‘மணிக்கிராமம்’ என்னும் வணிகக் குழு இருந்தது. கொடும்பாளூர் மணிக்கிராமத்தார் தம் ஊரோடு அடங்கி நில்லாமல் பிற நாடுகளிலும் வணிகம் செய்தமையைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. மணிக்கிராமம் என்னும் பெயர் கடல் கடந்தும் வழங்கிற்று. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ‘அவனிநாரணம்’ என்னும் குளம் மணிக்கிராமத்தாரின் காவலில் விடப்பெற்றதைக் கூறுகிறது. அயல்நாட்டில் தங்கும் வணிகர் அங்கே முதலில் தேடியது நீர்நிலை என்பது எண்ணத்தக்கது.

மணிக்கிராமத்தினும் பரந்தது ‘ஐந்நூற்றுவர்’ என்னும் பெருங்குழு. கன்னட நாடு தொடங்கி ஈழம் வரையும், சுமத்திராத் தீவின் பாருஸ் துறை வரையும் அதன் கை நீண்டது. பாருஸில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, கப்பலில் வருவோர் கஸ்தூரியின் விலையை அடிப்படையாகக் கொண்ட பொன்தீர்வையைச் செலுத்த வேண்டும் என்னும் ஐந்நூற்றுவர் முடிவைப் பதிவு செய்கிறது. கொடும்பாளூருக்கு அண்மையிலுள்ள நார்த்தாமலையும் சோழர் காலத்தில் நகரத்தார் சபையோடு விளங்கிய வணிக ஊரே. அதன் குன்றுகளிலும் அருகேயுள்ள சித்தன்னவாசலிலும் நம் சமயச் சுவடுகள் இருப்பதை யாவரும் அறிவர்.

இக்குழுக்கள் செய்த செம்மைகள் யாவை? சிவகங்கைப் பகுதியின் பிரான்மலைக் கல்வெட்டு ஒரு விடை தருகிறது. 13-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் அதில், வணிகர் தாமே தம்மீது விதித்துக்கொண்ட மகமை விவரிக்கப்பெறுகிறது. உப்பு, நெல், அரிசி, அவரை, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, கடுகு, சீரகம், இரும்பு, பருத்தி, நூல், புடவை, மெழுகு, தேன், எள், சந்தனம், பட்டு, பன்னீர், மாடு, குதிரை எனப் பட்டியல் நீள்கிறது. பண்டங்களின் சுமையை அளவாகக் கொண்டு தொகை குறிக்கப்பெற்றது. அரசன் வற்புறுத்தாமல் பல நாட்டு வணிகர் ஓரிடத்தில் கூடி, ஒரே அளவை ஏற்று, அதன் பயனைக் கோயிலுக்கு அளித்தனர். பலர்க்கும் பொதுவான அளவு இல்லையேல் தொலைதூர வணிகம் இல்லை.

வழியறிவும் எழுத்தில் இடப்பெற்றது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த ‘அதியமான் பெருவழி’க் காதக்கல்லில் நாவல்தாவளத்திற்கு 29 காதம் என்று பொறிக்கப்பெற்றுள்ளது. அத்துடன் எழுத்தறியாதோர் கையால் தடவியும் கண்ணால் எண்ணியும் அறியும் பொருட்டுப் பெரிய குழிகளாலும் சிறிய குழிகளாலும் அதே எண் காட்டப்பெற்றுள்ளது. பொதிமாடு ஓட்டுபவன் எழுத்தறிந்தவனாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் தொலைவு அறிந்தவனாக இருந்தாக வேண்டும். அவனையும் கணக்கில் கொண்டு கல் நட்டவரின் அறிவும் பரிவும் போற்றத்தக்கன.

இத்தகைய கொடும்பாளூர் இன்று சிற்றூர். மூவர் கோயிலைக் காண வருவோர் அன்றி வேறெவரும் அங்கே வண்டியை நிறுத்துவதில்லை. அரசு மாறியது, தலைநகர் மாறியது, வழியின் தேவை மாறியது. நெடுஞ்சாலை அதே இடத்தில்தான் செல்கிறது. வணிகம் மட்டும் நிற்காமல் கடந்துபோயிற்று.

அரங்கத்துக் களஞ்சியமும் 1752-ஆம் ஆண்டும்

திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளுக்குள் நாள்தோறும் தளிகைக்கும் அடியார் உணவுக்கும் தேவைப்படும் பொருள் பெருமளவினது. கோயில் நிலங்களிலிருந்து நெல் ஆண்டில் சில திங்களே வரும். தேவையோ ஆண்டு முழுவதும். இந்த இடைவெளியை நிரப்புவதற்கு எழுந்தவையே கோயிலுக்குள் உள்ள வட்ட வடிவ நெற்களஞ்சியங்கள். அண்மைக் காலத்தில் நிகழ்ந்த திருப்பணியில் இவை பழுது நீக்கப்பெற்றன. அத்திருப்பணிக்கு 2017-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

களஞ்சியம் இருந்தால் மட்டும் போதாது. அதிலுள்ளதைக் கணக்கிட்டு அறிந்திருத்தலும் வேண்டும் என்பதை 18-ஆம் நூற்றாண்டுப் போர் இவ்வூருக்குக் கற்பித்தது. 1751 முதல் 1754 வரை கர்நாடக நவாபு பதவிக்காக நிகழ்ந்த போட்டியில் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள்ளும், சந்தா சாகிபும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையும் வெளியிலும் இருந்தனர். 1752-இல் பிரெஞ்சுத் தளபதி லா தம் படையைத் திருவரங்கத் தீவிற்குள் பின்வாங்கச் செய்தார். இருபுறமும் ஆறு, நடுவே வலிய மதில்கள். பாதுகாப்பான இடம் என்று அவர் கருதியிருத்தல் கூடும். ஆனால் தீவுக்குள் உணவு வெளியிலிருந்தே வர வேண்டும். கிளைவ் கொள்ளிடத்தின் வடகரையில் சமயபுரத்தில் அமர்ந்து வழியை அடைத்தார். புதுச்சேரியிலிருந்து வந்த துணைப்படை வாலிகண்டபுரத்தில் சரணடைந்தது. பொருள் வரத்து நின்றது. ஜூன் திங்களில் லா சரணடைந்தார். சந்தா சாகிபு உயிரிழந்தார். மதில் வீழவில்லை, வழியே வீழ்ந்தது.

வென்றவர்க்கும் படிப்பினை விரைவில் வந்தது. அடுத்த முற்றுகை நெருங்கியபோது, கோட்டையில் போதிய தானியம் இருப்பதாக ஆங்கிலப் படைத்தலைவர் டால்ட்டன் நம்பியிருந்தார். சோதித்தபோது, பொறுப்பிலிருந்த நவாபின் உறவினர் இருப்பைப் பெரும்பாலும் விற்றுவிட்டார் என்பதும், எஞ்சியது சில வாரங்களுக்கே போதும் என்பதும் தெரியவந்தன. அதன்பின் புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டிலிருந்து காட்டுவழியே வந்த தானியமே கோட்டையைக் காத்தது. ஏட்டில் உள்ள இருப்பும் குதிரில் உள்ள இருப்பும் ஒன்றாகவே இருக்கும் என்று நேரில் காணாமல் நம்பிய வணிகர் எவரும் இந்த நிகழ்ச்சியைக் கேட்டு நகைக்க மாட்டார்.

பாலமும் இருப்புப்பாதையும்

காப்பிய காலத்தில் ஓடம் கடந்த காவிரியில் 1849-இல் பாலம் எழுந்தது. அதற்கு முன்பே, 1836-இல், ஆர்தர் காட்டனின் திட்டப்படி முக்கொம்பில் மேலணை கட்டப்பெற்று, காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நீர் பகிரும் முறை திருந்தியது. நாகப்பட்டினத்தில் தொடங்கிய இருப்புப்பாதை தஞ்சை வழியே 1862-இல் திருச்சிராப்பள்ளியை எட்டியது. 1860-களின் இறுதிக்குள் கரூர் வழியே ஈரோடு வரை நீண்டு சென்னை இருப்புப்பாதையோடு இணைந்தது. கிழக்குத் துறைமுகமும் கொங்கு நாடும் இவ்வூரின் வழியே கைகோத்தன. பொதிமாடுகள் பல நாள் நடந்து சேர்த்த சுமையைச் சரக்கு வண்டி சில மணி நேரத்தில் சேர்த்தது.

ஆயினும் அகலப்பாதையாக இடப்பெற்ற இவ்வழி 1870-களில் குறும்பாதையாக மாற்றப்பெற்றது. செலவு குறைந்தது, ஆனால் பாதையின் அகலம் மாறும் சந்திப்புகளில் எல்லாம் மூட்டைகளை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்ற வேண்டியதாயிற்று. அந்தச் செலவு பாதை அமைத்தோரின் கணக்கில் வரவில்லை. சரக்கு அனுப்பியவரின் கணக்கிலும், மூட்டை சுமந்தவரின் முதுகிலும் ஏறியது. ஒரு நூற்றாண்டிற்கும் மேற்பட்ட காலத்திற்குப் பின்னரே அகலப்பாதை மாற்றம் இப்பகுதி முழுவதும் நிறைவு பெற்றது.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில் இருப்புப்பாதையின் இருமுகமும் வெளிப்பட்டன. துறைமுகத்தில் இறங்கிய தானியத்தை அது உள்நாட்டிற்குக் கொண்டுவந்தது. அதே பாதை, விலை மிகுந்த இடத்தை நோக்கித் தானியத்தை எடுத்தும் சென்றது; பதுக்கியவருக்கும் அது பயன்பட்டது. பாதை தானே அறம் செய்வதில்லை. அதில் எதை, எவருக்காக ஏற்றுகிறோம் என்பதிலேயே அறம் அமைகிறது.

1920-களின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியே நேர்ப்பாதை வந்தது. கொள்ளிடத்தையும் காவிரியையும் பாலங்களால் கடந்து, திருவரங்கத்திற்கும் தொடர்வண்டி நிலையம் கிடைத்தது. சென்னைக்குச் செல்லும் தொலைவு குறைந்தது. அதே காலத்தில் தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றப்பெற்றது. வலைப்பின்னலின் நடுவிடத்தில் பணிமனை இருப்பதே தக்கது என்பது நிறுவனத்தின் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் அம்மாற்றத்தோடு ஆட்குறைப்பும் வந்தது. 1928 ஜூலையில் தென்னிந்திய இரயில்வேத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அதனை முன்னின்று நடத்திய சிங்காரவேலர் உள்ளிட்டோர் சிறை சென்றனர். பொன்மலை வளர்ந்தது. நாகப்பட்டினம் தன் பெருந்தொழிலை இழந்தது. ஓர் ஊரின் வளர்ச்சியைப் பாடும் நூல்கள் மற்றோர் ஊரின் இழப்பை அடிக்குறிப்பாகவும் எழுதுவதில்லை.

நம் காலம்

விடுதலைக்குப் பின் 1960-களில் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் துணையோடு எழுந்தது. அதைச் சூழ்ந்து துவாக்குடி முதலிய இடங்களில் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் தோன்றின. பெரிய ஆலைக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்து தருவதே அவற்றின் தொழில். தொடர் செழித்தபோது அனைவரும் செழித்தனர். மின் திட்டங்கள் குறைந்து ஆலைக்கு வரும் பணிகள் சுருங்கிய ஆண்டுகளில் முதலில் கதவடைத்தவை இப்பட்டறைகளே. ஒரே வாங்குநரை நம்பிய விற்பவரிடம் சேம அச்சு இருக்கவில்லை.

2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து பெருவெள்ளம் வந்தபோது, 1928-இல் கட்டப்பெற்றுப் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பெற்றிருந்த கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் இடிந்து வீழ்ந்தது. சில நாள்களில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது ஷட்டர்களும் உடைந்தன. புதிய பாலம் 2016-இலேயே திறக்கப்பெற்றிருந்தமையால் போக்குவரத்து நிற்கவில்லை. ஆனால் 1976-ஆம் ஆண்டின் காவிரிப் பாலம் 2022-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பழுதுபார்ப்பிற்காக மூடப்பெற்றபோது, திருவரங்கத்தார் பல திங்கள் சுற்றுவழியே செல்ல நேர்ந்தது. மாற்று இருந்த ஆற்றில் துன்பம் சிறிது. இல்லாத ஆற்றில் பெரிது. அதன்பின் அதனருகே மற்றொரு பாலத்தின் பணி தொடங்கிற்று.

காந்தி சந்தையின் செய்தியும் இங்கே நினையத்தக்கது. நூற்றாண்டு கடந்த அச்சந்தையில் இரவெல்லாம் லாரிகள் நெருங்குவதும், காலையில் நகரம் திணறுவதும் யாவரும் அறிந்தவை. நெரிசலைத் தீர்க்க மதுரைச் சாலையில் கள்ளிக்குடியில் அரசு மாபெரும் மத்தியச் சந்தையைக் கட்டியது. பழைய கொடும்பாளூர் வழியே அது. கட்டடம் நன்று, இடம் விரிவு, லாரி திரும்ப வசதி உண்டு. எனினும் வணிகர் பெரும்பாலோர் அங்குச் செல்ல இசையவில்லை. கடைகள் சிறியவை என்றும் நகரத்திற்குத் தொலைவு என்றும் கூறினர். வழக்குகள் நீண்டன. விற்பவர், சில்லறை வாங்குபவர், சுமை தூக்குபவர், கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பூக்காரி ஆகிய அனைவரும் ஒரு சந்தையின் உறுப்புகள். லாரியின் வசதியை மட்டும் அளந்தால் சந்தையின் ஒரு பகுதியே அளக்கப்பெறுகிறது. பிரான்மலையில் வணிகர் ஒன்றுகூடித் தாமே முடிவு செய்தமையின் அருமை இங்கே விளங்கும்.

ஐந்து குற்றங்கள்

இவ்வளவு செய்திகளையும் நம் நூல்களின் முன் வைத்து நோக்குவது தகும். சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், பொருளை வரையறுத்துக்கொள்ளும் அணுவிரதத்திற்கு இழுக்காகும் குற்றங்கள் ஐந்து என்கிறது. அவை அதிவாகனம், அதிசங்கிரகம், விஸ்மயம், அதிலோபம், அதிபாரம் என்பன. அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. இல்லறத்தார் ஒழுக்கத்தை இளமையிலேயே கற்பிக்கும் நூலாக அது நம்மிடையே பயிலப்பெறுகிறது.

அதிவாகனம் என்பது ஆளையும் விலங்கையும் ஆற்றலுக்கு மேல் ஓட்டுதல். உறக்கமின்றி இரண்டு இரவு லாரி ஓட்டச் செய்வது அதுவே. அதிசங்கிரகம் என்பது பின்னர் விலை ஏறும் என்று அளவிறந்து சேர்த்தல். உரையாசிரியர் தானியத்தையே சான்றாகக் காட்டுவர். விஸ்மயம் என்பது பிறர் பெற்ற ஊதியத்தைக் கண்டு வியந்தும் தாம் தவறவிட்டதை எண்ணி வருந்தியும் மயங்குதல். அதிலோபம் என்பது தக்க ஊதியம் கிடைத்த பின்னும் நிறைவு கொள்ளாமை. அதிபாரம் என்பது தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றுதல். இந்த ஐந்தாம் குற்றத்தை உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் கொல்லாமை விரதத்தின் குற்றங்களுள்ளும் வைத்து எண்ணுகிறது. ஒரே செயல் பேராசையாகவும் வன்முறையாகவும் இருவகையில் கண்டிக்கப்பெறுகிறது.

இவ்வைந்தும் துறவியர்க்குக் கூறியவை அல்ல. மாடும் வண்டியும் கிட்டங்கியும் உடைய இல்லறத்தார்க்குக் கூறியவை. உலகம் இவற்றை மெல்ல மெல்லத் தன் சட்டங்களில் எழுதிக்கொண்டது. 1967-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஒருவர் சுமக்கத்தக்க எடை குறித்த உடன்படிக்கையை இயற்றி, வளர்ந்த ஆடவர்க்கு 55 கிலோவை மேல்வரம்பாகப் பரிந்துரைத்தது. நம் மோட்டார் வாகனச் சட்டம் வண்டியின் அளவை மீறிய பாரத்தைக் குற்றம் என்றது. மண்டிகளில் ஒருகாலத்தில் வழங்கிய நூறு கிலோ மூட்டை குறைந்து, ஐம்பதும் இருபத்தைந்தும் இன்று பெருகியுள்ளன. மூட்டை சிறுத்ததால் வணிகம் சிறுத்துவிடவில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். இவ்வாறெல்லாம் தம்மை வரையறுத்துக்கொண்டால் போட்டியில் நிற்க இயலுமா என்று நம் இளையோர் வினவுகின்றனர். வினா நேர்மையானது, மழுப்பாமல் விடை கூற வேண்டியது. அளவுக்கு மேல் ஏற்றிய லாரி ஒரு நடைக்கு மிகுதியாக ஈட்டும் என்பது உண்மை. பதுக்கிய சரக்கு ஒரு பருவத்தில் பெரும்பொருள் தரும் என்பதும் உண்மை. ஆயினும் அச்சு முறிவதும், டயர் வெடிப்பதும், கிட்டங்கியில் சரக்கு வண்டு விழுவதும், ஓட்டுநர் ஓராண்டில் வேலையை விட்டுச் செல்வதும் அதே கணக்கின் மறுபக்கம். அவ்வாறு கூட்டிக் கழித்த பின்னும் அறவழியில் ஊதியம் சற்றுக் குறையும் இடங்கள் உண்டு. அங்கே விரதம் விரதமாகவே நிற்கிறது. இலாபத்திற்கான உத்தியாக அதனைக் காட்டிப் பெருமை கொள்வது அதனைச் சிறுமைப்படுத்துவதாகும்.

நம் வணிக இல்லத்தார் இத்திருநாளில் செய்யத்தக்கவை சில உள. ஆண்டுக்கொருமுறையேனும் கிட்டங்கியின் இருப்பை ஏட்டோடு நேரில் ஒப்பிடுதல். ஒரே வாங்குநரையோ ஒரே வழியையோ முழுதும் நம்பாமல் ஒரு சேம அச்சு வைத்திருத்தல். புதிய முறையைப் புகுத்துமுன் அதனால் எவர் முதுகில் சுமை ஏறுகிறது என்று வினவுதல். பொதி சுமப்பவனும் அறியும்படி விதிகளை எளிய சொல்லில் எழுதி ஒட்டுதல். பெருவழியில் குழிகள் வெட்டிக் கல் நட்டவர் செய்ததும் இதுவே.

மலைக்கோட்டையின் கற்படுக்கைகளில் இன்று எவரும் துயில்வதில்லை. கீழே காவிரிப் பாலத்தில் வண்டிகள் இரவும் பகலும் செல்கின்றன. அவற்றுள் சில நம் வீட்டுச் சரக்கைச் சுமந்து செல்பவை. வயலில் கால் வைக்குமுன் நண்டையும் நத்தையையும் நினைந்த கவுந்தியடிகள் அவ்வழியே நடந்தவர். வண்டியில் கடைசி மூட்டையை ஏற்றுமுன் நாமும் ஒரு கணம் நின்று நினைப்போமாக.